பேசும் காட்டில் செனட்டர்

மட்டூஷ் பெலானுக்குத் தாடை வலித்தது. அடிபட்ட வலி இல்லை, பல்வலியும் இல்லை. காலையிலிருந்து வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றதில் வந்த வலி. காதுக்குக் கீழே ஆரம்பித்துக் கழுத்து நரம்பைப் பிடித்து இழுத்தது. பென்சில்வேனியா நிலக்கரிச் சுரங்கத்தில் அவனுக்கு முதுகு வலித்திருக்கிறது. சர்க்கஸில் கூடாரக் கயிறு இழுத்துத் தோள் வலித்திருக்கிறது. குதிரை இறைச்சி சுமந்து இடுப்பு வலிப்பது தினப்படி நடப்பது. சும்மா நின்று வலிப்பது இதுதான் முதல் தடவை. வேலை செய்து வலித்தால் சாப்பாடாவது இறங்கும். இந்த வலிக்கு ரொட்டியை மெல்லவே முடியவில்லை.

எல்லாம் பேசும் படத்தால் வந்த வினை.

மட்டூஷின் வேலை சிங்கம் பார்த்துக்கொள்வது. லாஸ் ஏஞ்சலீஸுக்குக் கிழக்கே மிஸஸ் ஆர்டெல் என்ற விதவை ஒரு மிருகப் பண்ணை வைத்திருந்தாள். படக் கம்பெனிகளுக்குக் கரடி, குரங்கு, ஒட்டகம் எல்லாம் அங்கிருந்துதான் வாடகைக்குப் போகும். அங்கே இருந்த ஒரே ஆண் சிங்கத்தின் பெயர் செனட்டர். முதலில் அதற்குக் கைசர் என்று பெயர். ஜெர்மனியோடு சண்டை வந்ததும் அந்தப் பெயரில் சிங்கத்தை யாரும் கூப்பிடத் தயாராயில்லை. மிஸஸ் ஆர்டெல் கூண்டுப் பலகையை வெள்ளையடித்து செனட்டர் என்று எழுதிவிட்டாள். சிங்கத்துக்கு இரண்டு பெயரும் தெரியாது. மட்டூஷ் அதை எப்போதும் "டேய் குண்டா" என்றுதான் கூப்பிட்டான், அதுவும் ஸ்லோவாக் பாஷையில்.

ஊமைப் படக் காலத்தில் செட் என்றால் சந்தைக்கடைதான். டைரக்டர் தகரக் குழாயை வாயில் வைத்துக் கத்துவார். பக்கத்து செட்டில் தச்சர்கள் ஆணி அடித்துக்கொண்டிருப்பார்கள். கதாநாயகிக்கு அழுகை வருவதற்காக ஒருவன் பிடில் வாசிப்பான். அந்த இரைச்சலுக்கு நடுவே மட்டூஷ் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று செனட்டரோடு பேசிக்கொண்டே இருப்பான். மற்ற பழக்குநர்கள் இரண்டு மூன்று கட்டளைச் சொல் வைத்திருந்தார்கள், கையில் சாட்டையும் வைத்திருந்தார்கள். மட்டூஷிடம் இரண்டும் கிடையாது. பேச்சு மட்டும்தான்.

அது சுரங்கத்தில் வந்த பழக்கம். சின்ன வயதில் அவன் நிலக்கரி வண்டி இழுக்கும் கோவேறு கழுதையை ஓட்டினான். கும்மிருட்டு. பின்னால் வருவது தன் ஆளா, வேறு யாராவதா என்று கழுதைக்குத் தெரியாவிட்டால் அது உதைக்கும். உதைத்தால் விலா போய்விடும். அதனால் வண்டிக்காரன் வாய் ஓயக்கூடாது. வானிலை, வயிற்றுவலி, மேஸ்திரியின் யோக்கியதை, எதையாவது பேசிக்கொண்டே போக வேண்டும். பேச்சு நின்றால் ஏதோ ஆபத்து என்று கழுதை நினைத்துக்கொள்ளும். செனட்டரையும் அவன் அப்படித்தான் வளர்த்தான். வேறு வழி அவனுக்குத் தெரியாது.

இப்போது செட்டில் முதலில் மணி அடித்தது. பிறகு சிவப்பு விளக்கு எரிந்தது. கதவுகளைத் தாழ் போட்டார்கள். கேமராவின் கடகட சத்தம் மைக்கில் விழக்கூடாது என்று அதையும் கேமராக்காரனையும் மெத்தை தைத்த ஒரு பெட்டிக்குள் அடைத்தார்கள். அவன் வெளியே வரும்போது வெந்த உருளைக்கிழங்கு மாதிரி ஆவி பறக்க வருவான். காய்ந்த இலைகள் மைக்கில் துப்பாக்கி வெடித்தது மாதிரி கேட்டன. காட்டுக்குத் தண்ணீர் தெளிக்கவே ஒரு ஆளைப் போட்டார்கள். மேலே கண்ணாடி அறைக்குள் காதில் குழலை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் லாயிட் எம்பரி. டெலிபோன் கம்பெனியிலிருந்து வந்த சத்த இன்ஜினியர். சத்தமெல்லாம் நேராக மெழுகுத் தட்டில் பதிந்தது. ஒருவன் தும்மினால் தட்டே குப்பை. வெட்டி ஒட்டுவது, பின்னால் சேர்ப்பது என்ற பேச்சே இல்லை.

எடுத்துக்கொண்டிருந்தது வாராவாரம் ஒரு பாகமாக வெளிவரும் காட்டுப் படம். தந்தத் திருடர்கள் ஒரு பெண்ணைக் கட்டிப்போடுவார்கள். காட்டு ராஜா வந்து நிற்பான். பாறை மேலிருந்து சிங்கம் இறங்கி வந்து அவன் காலடியில் படுத்துக் கர்ஜிக்க வேண்டும். "கர்ஜனையைக் காதால் கேளுங்கள்" என்று கொட்டகைகளுக்குச் சுவரொட்டியே போய்விட்டது.

செனட்டர் கர்ஜிக்கவில்லை. இறங்கவும் இல்லை. மணி அடித்து அமைதி விழுந்ததும் அது தலையைத் தூக்கி அங்குமிங்கும் பார்க்கும். மட்டூஷின் குரலைத் தேடும். குரல் வராது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, காட்டு ராஜாவையும் கட்டிப்போட்ட பெண்ணையும் தாண்டி, மட்டூஷ் ஒளிந்து நிற்கும் புதருக்குள் நேராக நுழைந்து அவன் இடுப்பில் தலையை முட்டிக்கொண்டு நிற்கும். கம்பியில் இறைச்சித் துண்டு தொங்கவிட்டார்கள். இறைச்சியைத் தின்றுவிட்டு அங்கேயே தூங்கியது. கையால் சைகை காட்டிப் பார்த்தார்கள். செட்டில் பாதி தூரத்துக்கு மேல் அதற்குக் கண் சரியாகத் தெரியாது. விசில் அடிக்கக்கூடாது என்று லாயிட் சொல்லிவிட்டார்.

டைரக்டர் ஹார்லன் பிக்ஸ் பழைய தகரக் குழாயைக் கையிலேயே வைத்திருந்தார். அதில் பேச இனி ஒன்றும் இல்லை. ஆனால் கீழே வைக்க மனமில்லை. அதைத் தொடையில் தட்டிக்கொண்டே, வேறு சிங்கம் கிடைக்குமா என்று மிஸஸ் ஆர்டெலைக் கேட்டனுப்பினார்.

மிஸஸ் ஆர்டெல் மறுநாள் மட்டூஷைக் கூண்டுப் பக்கம் கூப்பிட்டாள். கெட்டவள் இல்லை. இருபது வாய்க்குத் தீனி போடுகிறவள். அவள் சுற்றி வளைக்கவில்லை.

"மாட், எனக்கும் அது மேல பாசம்தான். ஆனா ஊமைப்படச் சிங்கத்த இனிமே யாரு வாடகைக்கு எடுப்பா? சனிக்கிழமைக்குள்ள அது வேலை செய்யணும். இல்லேன்னா எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆளு லாரியோட வர்றான்."

எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆளை மட்டூஷுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் வேலி அடித்து, காளையோடு சிங்கத்தை மோதவிட்டுக் கூட்டம் சேர்ப்பவன். அவனிடம் போன சிங்கம் எதுவும் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்ததில்லை. மட்டூஷ் தலையாட்டினான். அன்றைக்கு அவன் மனைவி ஹெலெனா வைத்த முட்டைக்கோஸ் சூப்பைக்கூட அவன் தாடையைக் காரணம் காட்டித் தள்ளிவிட்டான். தாடைதானா என்று அவள் கேட்டாள். தாடைதான் என்றான்.

வியாழக்கிழமை மறுபடி முயற்சி. காட்டு ராஜாவாக நடித்தவன் பெயர் வெஸ்லி டகெட். ஒரு வருஷத்துக்கு முன்வரை வீடு வீடாக ஐஸ் பாளம் சுமந்தவன். தோளில் பாளத்தோடு மூன்றாவது மாடி ஏறிக்கொண்டிருந்தபோது பிக்ஸ் கண்ணில் பட்டுவிட்டான். தோள் இருந்தது, முகம் இருந்தது, சிங்கத்தைக் கண்டால் முழங்கால் மட்டும் இல்லை. செனட்டருக்கும் தனக்கும் நடுவே எப்போதும் ஒரு அறை அகலம் விட்டுத்தான் நிற்பான். அவன் சொல்ல வேண்டிய வசனம் வேறு, பிரார்த்தனை மாதிரி வாய்க்குள்ளேயே வரும்.

அன்றைக்கு மூன்றாவது தடவை எடுத்துக்கொண்டிருந்தபோது மேலே ஒரு பெரிய விளக்கு வெடித்தது. கண்ணாடி பாறைக்குப் பின்னால் கொட்டியது. செனட்டர் பாறை மேல் நின்றிருந்தது. காதை மடக்கித் தலையோடு ஒட்டிக்கொண்டது. வயிறு தரையைத் தொடுகிற அளவுக்குப் பதுங்கியது. வால் விறைத்தது. அதற்குக் கீழே, மிகப் பக்கத்தில் நின்ற ஒரே உயிர் வெஸ்லி. புலித்தோல் துண்டைக் கட்டிக்கொண்டு, நகரவும் முடியாமல் நின்றான்.

மட்டூஷின் வாய் தானாகத் திறந்தது. அவன் கத்தவில்லை. சுரங்கத்து இருட்டில் பேசுகிற மாதிரி, கீழ்க்குரலில், நிறுத்தாமல், தன் பாஷையில் பேசினான்.

"டேய் குண்டா, என்னடா பயம்? ஒண்ணுமில்லடா, வெளக்கு செத்துப்போச்சு. நான் இங்கனதான் நிக்கேன். அந்தப் பயலப் பாக்காத, அவன் ஒனக்கே பயந்து சாகுறான். எறங்குடா சோம்பேறி. வா. தொப்பையத் தூக்கிட்டு வா. அப்படித்தான். படு. படுத்தா ஈரல் தாரேன்."

செனட்டரின் காது நிமிர்ந்தது. பாறையிலிருந்து தண்ணீர் வழிகிற மாதிரி இறங்கியது. வெஸ்லியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து அவன் முன்னால் படுத்தது. கதையில் எழுதியிருந்தது எழுதியிருந்தபடியே நடந்துவிட்டது. கதவோரம் நின்ற தண்ணீர் தெளிக்கிறவன் கைதட்டிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். மேலே ஒலிபெருக்கியில் லாயிட் எம்பரியின் குரல் வந்தது: "யாரோ பேசினாங்க." அவ்வளவு நேரம் மூச்சைப் பிடித்திருந்த செட்டு மொத்தமும் சிரித்தது.

மட்டூஷ் ஈரலைக் கொடுத்துச் சங்கிலியை மாட்டினான். சீட்டுக் கிழிந்தது என்றுதான் நினைத்தான். பிக்ஸ் தகரக் குழாயால் தாடையைச் சொறிந்துகொண்டு, அது என்ன பாஷை என்று கேட்டார். மட்டூஷ் சொன்னான். அப்படி ஒன்று இருப்பதாக அவர் கேள்விப்பட்டதில்லை.

காட்சித் தொடர்ச்சி பார்க்கும் செல்மா கையிலிருந்த கம்பளிப் பின்னலிலிருந்து தலை தூக்காமல் பேசினாள்.

"காட்டு ராஜா மிருகங்க பாஷை பேசுவான்னு மொதல் பாகத்துல நாமதானே எழுதிப் போட்டோம். அப்ப பேசட்டுமே."

பிக்ஸ் அதைக் கேட்காதவர் மாதிரி அந்தப் பக்கம் நடந்தார். திரும்பி வந்தார். தனக்கு ஒரு யோசனை வந்திருப்பதாகச் சொல்லி, அந்த வார்த்தைகளை வெஸ்லியே பேசட்டும் என்று அதையே கொஞ்சம் நீட்டிச் சொன்னார். செல்மா நல்ல யோசனை என்று பாராட்டினாள். பிறகு அவர் மட்டூஷிடம் அந்த வார்த்தைகளுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். செட்டில் அத்தனை பேரும் அவனைப் பார்த்தார்கள். தொப்பையைப் பற்றியும் ஈரலைப் பற்றியும் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. ராஜா சிங்கத்துக்கு வாழ்த்துச் சொல்வது, பழங்காலத்து வாழ்த்து என்றான். பிக்ஸுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

வெள்ளிக்கிழமை வேறு காட்சிகள் எடுத்தார்கள். சாயங்காலம் மட்டூஷ் வெஸ்லியைத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனான். போகிற வழியில் எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆளைப் பற்றிச் சொன்னான். ஹெலெனா கசகசா ரொட்டியும் உருளைக்கிழங்கு கொழுக்கட்டையும் வைத்தாள். வெஸ்லி தட்டைப் பார்த்துத் தயங்கவில்லை. ஒரு வாய்க்கு ஒரு வார்த்தை என்று கற்றுக்கொண்டான். அவன் மார்பை நிமிர்த்தி, ஒரு கையை உயர்த்தி, தொப்பையைத் தூக்கிக்கொண்டு வரும்படி ஸ்லோவாக்கில் முழங்கியபோது ஹெலெனா சமையல் மேலங்கியின் நுனியை வாயில் திணித்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். அவளுக்கு அந்த வாழ்த்து புதிதாக இருக்கிறது போல என்றான் வெஸ்லி. அவளுக்குப் பக்தி அதிகம் என்றான் மட்டூஷ்.

சனிக்கிழமை காலை பண்ணையில் கூண்டுக்கு முன்னால் ஒத்திகை. வெஸ்லி அதே முழக்கத்தோடு சொன்னான். செனட்டர் எழுந்து, முதுகைக் காட்டித் திரும்பிப் படுத்தது. இரண்டாவது தடவையும் அப்படியே. சாலையில் லாரி ஒன்று வந்து நின்றிருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆள் படிக்கட்டில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான். மட்டூஷ் அந்தப் பக்கம் பார்க்காமல் பேசினான்.

"மேடைல பேசுற மாதிரி பேசாத. ஐஸ் எடுத்துட்டுப் போறப்ப படியில நாய் படுத்திருக்கும்ல? அதுகிட்ட என்ன சொல்லுவ?"

"தம்பி, கொஞ்சம் ஒதுங்குடா, தோளு கனக்குதுன்னு சொல்லுவேன்."

"ஒதுங்குமா?"

"எல்லா நாயும் ஒதுங்கும். கடிச்சதே இல்ல."

"அந்தக் கொரல்ல சொல்லு. தோளுல பாளம் இருக்குன்னு நெனச்சுக்க."

வெஸ்லி தோளை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டான். மூச்சு வாங்குகிற மாதிரி, கெஞ்சலும் இல்லாமல் அதட்டலும் இல்லாமல் சொன்னான். செனட்டரின் ஒரு காது திரும்பியது. பிறகு தலை திரும்பியது. கம்பிக்கு இந்தப் பக்கம் வெஸ்லி நீட்டிய ஈரலை அது வாங்கிக்கொண்டது. நாக்கு உள்ளங்கையில் உரசியதும் அவன் கையை எடுத்துத் தன் விரல்களை எண்ணிப் பார்த்தான்.

நாலு மணிக்கு மேல் காட்டுக்குத் தண்ணீர் தெளித்துக் கதவைத் தாழிட்டார்கள். மட்டூஷ் சாக்கும் களிமண்ணும் பூசிய பாறைக்குப் பின்னால் குந்தியிருந்தான். செனட்டர் தன்னைப் பார்த்துவிடக் கூடாது, வாசனை மட்டும் எட்ட வேண்டும். மிஸஸ் ஆர்டெல் கதவுக்கு உள்ளே நின்றாள். மணி அடித்தது.

வெஸ்லி வாயைத் திறந்தான். பழக்கதோஷம், பாதி முழக்கமாக வந்தது. பாறை மேல் செனட்டர் அசையவில்லை. தலையைத் தூக்கி மட்டூஷைத் தேடியது. மெழுகுத் தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. மட்டூஷ் கண்ணை மூடிக்கொண்டான். ஒரு வார்த்தை, குண்டா என்று ஒரே ஒரு வார்த்தை போதும், அது இறங்கிவிடும். அந்த ஒரு வார்த்தை தட்டில் விழுந்தால் இன்னொரு தட்டுக்கு நேரமில்லை. விளக்குகளின் வாடகை ஐந்து மணியோடு முடிகிறது. அவன் கைக்குட்டையைப் பல்லுக்கு நடுவே கொடுத்துக்கொண்டான்.

அப்போது வெஸ்லி மறுபடி ஆரம்பித்தான். இந்தத் தடவை முழக்கம் இல்லை. படியில் படுத்த நாயோடு பேசுகிறவன் பேசினான். டேய் குண்டா என்றான். அவனுக்கு அர்த்தம் தெரியாது, ஆனால் குரலுக்குத் தெரிந்திருந்தது. பாறை மேல் நகம் உரசும் சத்தம் கேட்டது. மட்டூஷ் கண்ணைத் திறந்தபோது செனட்டர் இறங்கிக்கொண்டிருந்தது. சுற்றி வந்தது. படுத்தது. படுக்கும்போது அதன் முன்னங்கால் முட்டி முழுப் பாரத்தோடு வெஸ்லியின் இடது பாதத்தின் மேல் இறங்கியது. காட்டு ராஜாவுக்குச் செருப்பு கிடையாது.

வெஸ்லியின் முகம் மாறவில்லை. கண்ணில் மட்டும் நீர் திரண்டது. உணர்ச்சிவசப்பட்டுவிட்டான் என்று பிக்ஸ் நினைத்துத் தகரக் குழாயை மார்போடு அணைத்துக்கொண்டார். வெஸ்லி கடைசி வார்த்தை வரை சொன்னான். கடைசி வார்த்தை ஈரல்.

அந்த வார்த்தை வந்த பிறகு ஈரல் வராமல் இருந்தது செனட்டரின் வாழ்க்கையில் கிடையாது. அது வாயைத் திறந்து காத்திருந்தது. வெஸ்லியின் புலித்தோலுக்கு ஏது பை? செனட்டர் அவன் கையைப் பார்த்தது. முகத்தைப் பார்த்தது. மறுபடி கையைப் பார்த்தது. பிறகு மார்பு முழுக்கக் காற்றை இழுத்து, அத்தனை வருஷ நம்பிக்கையும் மோசம்போன ஒரு கர்ஜனை போட்டது. களிமண் பாறையில் பூச்சு உதிர்ந்தது. கட்டிப்போட்டிருந்த பெண் கட்டை அவிழ்த்துக்கொண்டு ஓடாதது கயிறு நிஜமாக இருந்ததால்தான்.

சிங்கத்தின் முட்டி தன் பெருவிரல் நகத்தின் மேல் அழுந்தியிருக்க, ஒரு கையால் அதன் பிடரியைத் தொட்டுக்கொண்டு, வெஸ்லி அந்தப் பெண்ணைப் பார்த்து மீதி வசனத்தைச் சொன்னான். இனி இந்தக் காட்டில் உனக்குப் பயமில்லை என்பது அந்த வசனம். பிசகில்லாமல் சொன்னான். மணி அடித்தது. அதற்குப் பிறகுதான் அவன் உட்கார்ந்தான்.

லாயிட் எம்பரி கண்ணாடி அறையிலிருந்து ஏணியில் ஓடி இறங்கி வந்தார். அவருக்குக் கால் இருப்பதே அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது. சத்தம் அளக்கும் மானியின் முள் கடைசிவரை போய்த் திரும்பி வந்ததைக் கையால் காட்டிக்காட்டிச் சொன்னார். மட்டூஷ் ஒரு வாளி ஈரலைக் கொண்டுவந்து செனட்டர் முன்னால் கவிழ்த்துவிட்டு, வாய் வலிக்கும் வரை அதைத் திட்டினான். மிஸஸ் ஆர்டெல் பண்ணைக்குத் திரும்பிப் போய் லாரிக்காரனிடம் இந்தச் சிங்கம் பேசும் படத்தில் நடிக்கிறது என்றாள். அவன் தொப்பியைத் தட்டி மாட்டிக்கொண்டு வெறும் லாரியை ஓட்டிக்கொண்டு போனான்.

அந்தப் பாகம் வெளிவந்த அன்று மட்டூஷும் வெஸ்லியும் பகல் ஆட்டத்துக்குப் போனார்கள். ஹெலெனா தங்கள் ஸ்லோவாக் மாதா கோயில் பெண்களை ஒரு வரிசை நிறைய அழைத்து வந்திருந்தாள். திரையில் காட்டு ராஜா சிங்கத்துக்கு வாழ்த்துச் சொன்னான். கொட்டகை முழுக்க மூச்சை அடக்கியிருக்க, ஒரு வரிசை மட்டும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தது. முன்னால் இருந்தவர்கள் திரும்பி உஸ் என்றார்கள். அதற்கும் சேர்த்துச் சிரித்தார்கள். கர்ஜனை வந்தபோது பிள்ளைகள் பெஞ்சின் மேல் ஏறிவிட்டார்கள்.

வெளியே வந்ததும் வெஸ்லி மட்டூஷின் சட்டையைப் பிடித்து, நான் என்னதான் சொன்னேன் என்று கேட்டான். மட்டூஷ் ஒரு தடவை ஹெலெனாவைப் பார்த்தான். அவள் உதவிக்கு வரவில்லை. குண்டனிலிருந்து ஈரல் வரை மொத்தத்தையும் சொன்னான். சிங்கத்தைப் பார்த்துப் பயந்து சாகிற அந்தப் பயல் யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று.

வெஸ்லி நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து, விலா வலிக்கச் சிரித்தான். சிரித்து முடித்ததும் இடது செருப்பைக் கழற்றிப் பெருவிரலைக் காட்டினான். நகம் இருந்த இடம் மொழுமொழுவென்று சிவந்திருந்தது.

"கத்தியிருப்பேன் மாட். அந்த லாரிக்காரன் மூஞ்சி ஞாபகம் வந்துச்சு, கத்தல. இத எழுதி வச்சுக்க. நீ எனக்கு ஒண்ணு தரணும்."

மட்டூஷ் மறுக்கவில்லை. வெஸ்லி டகெட்டுக்கு அவன் இடது கால் பெருவிரல் நகம் ஒன்று பாக்கி.